பதினைந்தாவது முதல் நாள்

என் பெயர் ட்வைலா ராட்லிஃப். வயது நாற்பத்தொன்பது. ஒஹாயோ மாநிலம் ஹார்லன் ஃபோர்க் ஊரில், மில் சாலை டிரெய்லர் குடியிருப்பில் பதினெட்டாம் எண் வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். ஒரே மகள் திருமணமாகி இண்டியானாவில் இருக்கிறாள். கார் இருக்கைகளுக்கு அடியில் வரும் இரும்புத் தாங்கிகளைச் செய்யும் தொழிற்சாலையில், ஏஜென்சி மூலம் அனுப்பப்பட்டு வேலை செய்யும் தற்காலிகத் தொழிலாளி நான். பணிக்காலம் எவ்வளவு என்று தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்து அதிகாரி திருமதி மெர்சர் அடுத்துக் கேட்டார். அதை மட்டும் கடைசியில் சொல்கிறேன், இடம் விட்டு வையுங்கள் என்றேன். ஏஜென்சி அனுப்பியிருந்த தாளில் மூன்று மணி பத்து நிமிடம் என்று இருந்தது. அதைத்தான் அவர் எழுத இருந்தார். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு இடம் விட்டார்.

மேற்படி தொழிற்சாலையில் நான் முதன்முதலாகக் காலடி வைத்தது 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 12, திங்கட்கிழமை. ஏஜென்சி ஆட்கள் பதினோரு மாதம் வேலை செய்தால் ஒரு மாதம் வீட்டில் உட்கார வேண்டும் என்பது அங்கே நடைமுறை. எனக்கு அது ஒவ்வொரு மார்ச் நடுவிலும் வரும். ஏப்ரல் நடுவில் ஏஜென்சியிலிருந்து போன் வரும், மறுபடி போவேன், போகும்போது புது ஆள். பேச்சுக்குச் சொல்லவில்லை. அடையாள அட்டைக்குப் புதுப் படம் எடுப்பார்கள், புது எண் கொடுப்பார்கள், காலை ஏழு மணிக்கு மற்ற புது ஆட்களோடு ஓர் அறையில் உட்கார வைத்து, விரல்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று வீடியோ காட்டுவார்கள். அதில் பேசும் மீசைக்காரர் டெல்பர்ட் என்ற பழைய ஃபோர்மேன். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. அவருடைய அடக்கத்துக்கு நான் உருளைக்கிழங்கு சாலட் செய்து எடுத்துக்கொண்டு போனேன். ஆனாலும் வருடா வருடம் ஏப்ரலில் அவர் எனக்கு, தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கிறார். அதன் பிறகு பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் வரும். அதன் அடியில் "இந்த இயந்திரங்களில் எனக்கு முன் அனுபவம் இல்லை" என்று அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். நான் பதினைந்து முறை போட்டிருக்கிறேன்.

கையெழுத்துக்குப் பிறகு ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத சட்டை ஒன்று தருவார்கள். புது ஆள் மூன்று நாள் அதைப் போட்டிருக்க வேண்டும். தரையில் மஞ்சள் கோடு ஒன்று இருக்கிறது. ஆரஞ்சுச் சட்டைக்காரர் அதற்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்க்கலாம், எதையும் தொடக் கூடாது. உற்பத்தி லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானையும் தொடக் கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு புது ஆள் தெரியாமல் அதன்மேல் சாய்ந்து, லைன் முழுக்க நின்றுபோய், மறுபடி ஓட முக்கால் மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து இந்த விதி. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் லைன் லீடரிடம் வாயால் சொல்ல வேண்டும்.

எங்கள் லைனுக்கு லீடர் ஹாஸ்கின்ஸ். எனக்கு இரண்டு வருடம் கழித்து, நேராக நிரந்தர வேலைக்கு வந்தவர். அவருக்கு நாலாம் எண் பிரஸ்ஸைப் பழக்கியதே நான்தான். அவர் வந்த பிறகு, என்னுடைய ஒவ்வொரு முதல் நாளன்றும் அவர் ஒரு டோனட்டில் மெழுகுவத்தி குத்தி எடுத்துக்கொண்டு வருவார். "வாம்மா புதுப்பொண்ணு. இதுக்குப் பேரு பிரஸ்ஸு. பாத்து நில்லு, கடிக்கும்" என்பார். லைனே சிரிக்கும், நானும் சிரிப்பேன். டோனட்டைத் தின்று முடித்ததும் "சரி, கழட்டு அதை" என்பார். நான் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாலாம் எண்ணுக்குப் போய்விடுவேன். இது விதிக்கு மாறானது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், மாடியில் இருக்கும் நிர்வாகத்துக்கும் தெரியும். அப்படி இல்லாவிட்டால் ஏப்ரலில் அந்த லைன் ஓடாது. நிரந்தர வேலைக்கு எடுக்கப்பட்ட ஒன்பது பேருக்கு நான் அந்த பிரஸ்ஸைப் பழக்கியிருக்கிறேன். ஒன்பது முறையும் அந்த இடத்துக்கு நானும் விண்ணப்பம் போட்டவள்தான்.

டானர் வாஸ் பத்தாவது ஆள். வயது இருபத்தெட்டு. 2023 பிப்ரவரியில் என்னைப் போலவே ஏஜென்சி வழியாக வந்தான். மனைவி, ஒரு கைக்குழந்தை. வாய் ஓயாது, வேலையும் ஓயாது. என்னை மிஸ் ட்வைலா என்றுதான் கூப்பிடுவான். கென்டக்கியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மரியாதை உண்டு. அவனை என் பக்கத்தில் நிறுத்தி வேலை பழக்கினேன். நாலாம் எண் பழைய பிரஸ். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் ஒரே மூச்சாகக் காற்றை வெளியே விடும். உள்ளே வால்வு தேய்ந்தால் அந்த மூச்சு இரண்டாக உடையும். அப்படி உடைந்தால் அடுத்த சில அடிகளுக்குள் பிரஸ் யாரும் இயக்காமலே இன்னொரு முறை கீழே இறங்கும். லைன் இரைச்சலில் அந்த வித்தியாசம் பிடிபட எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

டானர் அதைப் பற்றிக் கேட்டான். "சத்தம் மாறுச்சுன்னா எனக்கு எப்பிடித் தெரியும், மிஸ் ட்வைலா?"

"இப்பத்திக்கு உனக்குத் தெரியாது. நான் இங்கதானே நிக்கிறேன். சந்தேகம் வந்தா என் மூஞ்சியைப் பாரு. நான் சும்மா நின்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்" என்றேன்.

இந்த வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்ளும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். எழுதிக்கொண்டார்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் இரண்டு முறை அந்த மூச்சு உடைந்து கேட்டது. இரண்டு முறையும் நான் பிரஸ்ஸை நிறுத்தி, ஹாஸ்கின்ஸிடம் சொல்லி, பழுதுபார்ப்பதற்கான சீட்டு எழுதிப் போட்டேன். சீட்டில் புகார் சொல்பவரின் எண் கேட்பார்கள். என்னுடைய அட்டை எண்ணைப் போட்டேன். பழுது பார்க்கும் ஆட்கள் வந்து எண்ணெய் விட்டுவிட்டு, வால்வு வரவழைத்து மாற்றுகிறோம் என்று சொல்லிப் போனார்கள்.

அதே மாதம் நாலாம் எண்ணில் நிரந்தர இடம் ஒன்று காலி என்று பலகையில் ஒட்டினார்கள். மார்ச் 8ஆம் தேதி எனக்குக் கடிதம் வந்தது. தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதப் பணி இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை என்று அதில் இருந்தது. டானருக்கு அது இருந்தது. ஜனவரியில் அவனும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன், ஆனால் அந்த மாதம் ஆர்டர் குவிந்து கிடந்ததால் அவனோடு வந்தவர்களை அனுப்பவில்லை. அப்படிப் பதின்மூன்று மாதம் ஆகிவிட்டது. அவன் யாரையும் பிடிக்கவில்லை, குறுக்கு வழியில் போகவில்லை. வாகன நிறுத்தத்தில் என் வண்டிப் பக்கம் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"எம்மேல கோவமா, மிஸ் ட்வைலா?"

"உம்மேல எதுக்குடா கோவம்? வேலையோட பிள்ளைக்கு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸும் ஆச்சுல்ல. வீட்டுக்குப் போ" என்றேன்.

அது உண்மைதான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கடிதத்தை மறுபடி படித்தபோது நிர்வாகத்தின்மேல் கோபம் வந்தது. ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தவர்களும் அவர்களே, உட்கார்ந்தாயே என்று கேட்கிறவர்களும் அவர்களே. மார்ச் 15ஆம் தேதி வழக்கம்போல என் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் இருந்த அந்த ஒரு மாதமும் ஒரே நினைப்புதான். பதினான்கு வருடமாக அவர்கள் என்னைப் புது ஆள் என்று எழுதிவிட்டு பழைய ஆளாக வேலை வாங்குகிறார்கள். இந்த முறை எழுதியபடியே இருந்து காட்டுவது என்று முடிவு செய்தேன். மூன்று நாளும் சட்டையைக் கழற்றக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது, கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னுடைய வீம்பு அது, வேறு யாரும் தூண்டவில்லை.

மேற்படி சம்பவம் நடந்தது ஏப்ரல் 15, திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு டெல்பர்ட்டின் வீடியோவைப் பார்த்தேன். தாளில் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதே காலுக்கு ஆரஞ்சுச் சட்டையோடு லைனுக்கு வந்தேன். ஹாஸ்கின்ஸ் டோனட் கொண்டுவந்தார், மெழுகுவத்தியை ஊதினேன். "சரி, கழட்டு அதை" என்றார்.

"மூணு நாள் ஆகலியே" என்றேன்.

"என்னது?"

"புது ஆளுப்பா நான். தாள்ல எழுதியிருக்கு, போய்ப் படிச்சுப் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒருவர் தகடு வரும் பாதையில் சிக்கல் என்று வந்து கேட்டார், தெரியாது என்றேன். இன்னொருவர் அச்சு மாற்றும் சாவி எங்கே என்று கேட்டார், தெரியாது என்றேன். அந்தச் சாவி எப்போதும் நான் மாட்டிவைக்கும் இடத்தில்தான் தொங்கியது. இருபது நிமிடத்துக்குள் லைன் தடுமாறத் தொடங்கியது. அதைப் பார்க்க எனக்கு சந்தோஷமாக இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. பதினான்கு வருடத்தில் அந்தத் தரையில் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றது கிடையாது.

நாலாம் எண்ணில் டானர் வேலை செய்துகொண்டிருந்தான். நிரந்தர ஆட்களுக்குத் தரும், பெயர் தைத்த நீலச் சட்டை போட்டிருந்தான். நான் நின்ற இடத்துக்கும் அவனுக்கும் எட்டு அடி இருக்கும். சிவப்புப் பொத்தான் என் இடது தோளுக்கு அருகே கம்பத்தில் இருந்தது. ஹாஸ்கின்ஸ் தகடுச் சிக்கலைப் பார்க்க லைனின் மறுகோடிக்குப் போயிருந்தார். பத்து மணி ஒன்பது நிமிடம் இருக்கும். நாலாம் எண்ணின் மூச்சு உடைந்து கேட்டது.

என் காதில் விழுந்ததா, சந்தேகமா என்று அதிகாரி கேட்டார். விழுந்தது. முதல் அடியில் கேட்டது. அப்போது எனக்குத் தோன்றியதை உள்ளபடி சொல்கிறேன். இதைப் புது ஆள் எப்படிக் கேட்டிருக்க முடியும் என்று தோன்றியது. இரண்டாவது அடியிலும் உடைந்தது, அதற்குமேல் சந்தேகம் இல்லை. ஹாஸ்கின்ஸைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன், விதியில் அப்படித்தானே இருக்கிறது. அவர் எங்கே என்று தலையைத் திருப்பித் தேடினேன். பொத்தான் என் தோளில் இடிக்கிற தூரத்தில் இருக்க, எண்பது அடி தள்ளி நிற்கும் மனிதரைக் கண்ணால் தேடினேன். மூன்றாவது அடியில் டானருக்கே ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். கையை நிறுத்திவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

நான் சும்மா நின்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினான். அதன் பிறகு நாலாவது அடி இறங்கி ஏறியது. தகட்டை எடுக்க அவன் இடது கையை உள்ளே விட்டான். பிரஸ் இன்னொரு முறை இறங்கியது.

பொத்தானை அழுத்தியது நான்தான். அதன் பிறகு மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடினேன். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி அவன் கையைச் சுற்றிக் கட்டி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சட்டை இப்போது உங்கள் வசம் பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. அவன் கத்தவில்லை. "உங்களைப் பாத்தேனே, மிஸ் ட்வைலா" என்று மட்டும் சொன்னான். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. தான் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்ததாக என்னிடம் சொல்கிற மாதிரி இருந்தது. நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன.

அதன் பிறகு புதன்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். அவன் மனைவி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், எனக்கு உட்கார மனம் வரவில்லை. மருந்து மயக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்ததும் அவளைக் காபி வாங்கிவர அனுப்பிவிட்டான்.

"நீங்க புதுசுன்னே சொல்லிக்கங்க. நான் உங்களைத் திரும்பிப் பாத்ததை யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்றான்.

"ஏண்டா?"

"இப்பவாச்சும் அந்தத் தாளால உங்களுக்கு ஒரு நல்லது நடக்கட்டுமே."

வண்டியில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

வெள்ளிக்கிழமை ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் சொல்ல வேண்டியதைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், சேர்ந்து மூன்று மணி பத்து நிமிடமே ஆனது, இயந்திரத்தைப் பற்றி எதுவும் தெரியாது, விதிப்படி கோட்டுக்குப் பின்னால் நின்றேன் என்று இருந்தது. நான் கையெழுத்துப் போட்ட தாள்களை வைத்துப் பார்த்தால் ஒரு வரிகூடப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை மதியம், சர்ச் முடிந்த பிறகு ஹாஸ்கின்ஸ் என் வீட்டுக்கு வந்தார். படியில் நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"மேல சொல்லச் சொன்னாங்க, சொல்றேன். டானர் இனிமே பிரஸ்ஸுக்கு வரமாட்டான். நாலாம் நம்பர் காலி. பன்னண்டு மாசக் கணக்கெல்லாம் இந்தத் தடவை பாக்க மாட்டாங்களாம்."

"எனக்கா?"

"உனக்குத்தான். அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா."

பிப்ரவரியில் எழுதின இரண்டு சீட்டு என்ன ஆயிற்று, வால்வை ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மார்ச்சுல உன் நம்பரை எடுத்தாங்கள்ல. நம்பர் போனா அந்த நம்பர் போட்ட சீட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல தானா முடிஞ்சதா விழுந்துடும். எனக்கே நேத்துதான் தெரியும்."

"நீ என்ன சொல்லப்போற அதிகாரிகிட்ட?"

"எனக்கு மூணு பிள்ளைங்க ட்வைலா" என்றார். அதன் பிறகு போய்விட்டார். அவர்மேலும் எனக்குக் கோபம் இல்லை, பன்னிரண்டு டோனட் வாங்கிக்கொடுத்த மனிதர்.

அன்று மாலை முழுக்க அந்தத் தாளை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போட்டால் நான் கேட்ட வேலை எனக்குக் கிடைக்கும். பெயர் தைத்த நீலச் சட்டை, நானே மாட்டிவைத்த சாவி, ஏப்ரலில் போனுக்குக் காத்திருக்காத வாழ்க்கை. அதை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. ஆனால் நான் புது ஆள் என்றால் பிப்ரவரியில் சீட்டு எழுதியது யார்? யாரும் இல்லை. அப்படியானால் வால்வு கெட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. டானர் கையை உள்ளே விட்டது அவனுடைய கவனக்குறைவு என்று ஆகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. நான் புது ஆள் என்றால், அவன் திரும்பிப் பார்த்தபோது அங்கே நின்ற முகம் வெறும் முகம். அப்படி அது இல்லை. அந்தத் தரையில் அந்த மூச்சைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் நான். எனக்குத் தெரியும் என்பதை அவர்கள் பதினான்கு வருடம் இல்லையென்று எழுதினார்கள். அந்தப் பதினைந்து நொடி நானும் அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். அவர்களைப் பழிவாங்குவதாக நினைத்து அவர்களுடைய பொய்யைத்தான் நான் நடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு விலை கொடுத்தது டானரின் கை.

நான் வேண்டுமென்றே அவனுக்குக் காயம் வரச் செய்தேனா என்று அதிகாரி கேட்டார். இல்லை. காயம் வரும் என்று தெரியுமா என்று கேட்டார். வரலாம் என்று தெரியும். தடுத்திருக்க முடியுமா என்று கேட்டார். கையை நீட்டியிருந்தால் போதும். இப்படிச் சொல்வதால் என்மேல் நடவடிக்கை வரலாம், வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு பிறகு தொடரலாம் என்று திருமதி மெர்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். வேண்டாம், எழுதுங்கள் என்றேன். ஏஜென்சி கொடுத்த தாளைக் கையெழுத்துப் போடாமல் அவரிடம் ஒப்படைத்தேன். பிப்ரவரிச் சீட்டுகள் இரண்டையும் எழுதிய அன்றே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அவற்றையும் ஒப்படைத்தேன்.

அதன் பிறகு முதலில் விட்ட இடத்தை நிரப்ப வேண்டும் என்றார். பணிக்காலம், சம்பவம் நடந்த நாள்வரை, பதினான்கு வருடம் மூன்று நாள் என்று சொன்னேன். நடுவில் வீட்டில் இருந்த மாதங்களைக் கழிக்க வேண்டாமா என்று கேட்டார். கழிக்க வேண்டாம், அந்த மாதங்களிலும் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் என் காதில் நாலாம் எண்தான் ஓடிக்கொண்டிருந்தது என்றேன். அவர் கழிக்காமல் எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த எண்ணிக்கையை ஒரு காகிதத்தில் நான் பார்ப்பது இதுவே முதல் முறை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறாவது முதல் நாளுக்கு எனக்கு இனி போன் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

மேலே உள்ளதை அதிகாரி எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். ஓர் இடத்தில் மட்டும் திருத்தினேன். "அசையாமல் நின்றுவிட்டேன்" என்று அவர் எழுதியிருந்ததை "சும்மா நின்றேன்" என்று மாற்றச் சொல்லி ஓரத்தில் கையொப்பமிட்டேன். எனக்கு முன் அனுபவம் இல்லை என்று பதினைந்து தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவற்றில் முதல் தாளைத் தவிர மற்றவை பொய். இந்தத் தாளில் உள்ளது உண்மை.

ட்வைலா ராட்லிஃப்
பிரஸ் இயக்குபவர், நாலாம் எண்
ஏப்ரல் 25, 2024